பத்து மணி ரேட்டு

ஐயாதுரையைப் பற்றி எழுதும்படி என்னை யாரும் கேட்கவில்லை. எழுதப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் எங்கள் பக்கத்தில் நாலு பேராவது, "அந்த ஆளப் பத்தி எழுத என்ன இருக்கு? எழுதணும்னா போலீஸ்ல எழுதிக் குடு" என்று எரிந்து விழுந்திருப்பார்கள். போலீசிலும் எழுதிக் கொடுத்தவன்தான் நான். அவரை நம்பிப் போட்டதில் என் ரெண்டு லட்சமும் போயிற்று. அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை, அதோடுதான் எழுதுகிறேன். ஆனாலும் அந்த மனிதர் பதினேழு வருஷம் எங்களுக்குச் செய்ததைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன். ஏற்கெனவே பாதி ஆகிவிட்டேன்.

என் பெயர் மைக்கேல். தபால் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கான்சாபுரத்தில் எனக்கு அறுபத்து மூன்று தென்னை மரம் உண்டு. தென்னை வைத்திருக்கிறவனுக்கு நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு வெட்டு, வெட்டுக்கு ஒரு தலைவலி. மரத்தில் எவ்வளவு காய் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், அதற்கு என்ன விலை என்று மட்டும் தெரியாது. அதை வாங்க வருகிறவன்தான் சொல்லுவான்.

ஐயாதுரைக்குச் சொந்த ஊர் கூமாப்பட்டி. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, பதினாலு வயதில் காய் எண்ணப் போனார். காய் எண்ணுவது எளிய வேலை இல்லை. ரெண்டு கையாலும் அஞ்சஞ்சாய் அள்ளிப் போட வேண்டும், வாய் விட்டு எண்ண வேண்டும், நூற்றுக்கு இத்தனை என்று வியாபாரி இலவசமாக வாங்கிக்கொள்ளும் லாபக்காயைத் தனியே தள்ள வேண்டும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தப்பும், தப்பினால் ரெண்டு பக்கமும் ஏச்சு. ஐயாதுரை எண்ணி ஒருநாளும் தப்பியதில்லை. ஒவ்வொரு காயையும் முகம் பார்த்துத்தான் போடுவார் என்று அப்போதே சொல்லுவார்கள். அது நிஜம்தான் என்பது 2007-ல் தெரிந்தது.

அப்போது அவர் முத்துப்பாண்டி என்கிற வியாபாரியின் மண்டியில் எண்ணிக்கொண்டிருந்தார். வ. புதுப்பட்டி போகிற வழியில் இருந்த மண்டி அது. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் ஏலத்தில் முதலாவதாக விற்கிற காய்க்குமி என்ன விலைக்குப் போகிறதோ, அதுதான் அன்றைய ரேட்டு. மண்டிக்கே வராமல் தோப்பிலேயே லாரி ஏற்றிவிடுகிறவர்களுக்கும் அதே விலைதான். கூமாப்பட்டி, கான்சாபுரம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முப்பதாயிரம் காய் முத்துப்பாண்டிக்குப் போகும். முப்பதாயிரம் காய்க்கும் விலை சொல்லுவது இருநூறு காய் உள்ள அந்த முதல் குமி. எங்கள் யாருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. வழக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் எதுவும் தப்பாகத் தெரியாதே.

ஒருநாள் முதல் குமியை எண்ணும்போது ஐயாதுரை ஒரு காயைக் கையில் எடுத்தார். அதன் மட்டையில் அரிவாள் குறுக்கே பட்ட வெட்டு ஒன்று இருந்தது. அதே வெட்டை அவர் முந்தின நாளும் பார்த்திருந்தார், அதற்கு முந்தின நாளும் பார்த்திருந்தார். ஒரே குமி தினமும் காலையில் விற்றுக்கொண்டிருந்தது. முத்துப்பாண்டியின் மச்சினன் விற்பான், முத்துப்பாண்டியின் கணக்கப்பிள்ளை வாங்குவான், விலை ஒரு ரூபாய் குறைவாக இருக்கும். சாயங்காலம் குமி பழைய இடத்துக்கே போய்விடும். அந்த ஒரு ரூபாயை முப்பதாயிரத்தால் பெருக்கிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போவார்.

ஐயாதுரை காயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஏலத்துக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்: "மொதலாளி, இந்தக் காய் நேத்தே வித்துப் போச்சே, இன்னைக்கு எப்பிடித் திரும்பி வந்துச்சு?"

அன்றைக்கே வேலை போயிற்று. அடியும் விழுந்தது, அதை அவர் சொல்ல மாட்டார்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் பெரிய காரியம். வீட்டுக்கு வீடு போய், "ஒரு குமியப் பாத்து வெல போடாதீக. ஒரு மண்டிய மட்டும் பாத்தும் போடாதீக" என்று சொன்னார். புதுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆகிய மூன்று ஊர் மண்டிகளிலும் காலை பத்து மணி வரை விற்ற எல்லாக் குமிகளின் விலையையும் வாங்குவார். ஆக அதிகமான ஒன்றையும் ஆகக் குறைவான ஒன்றையும் தள்ளிவிட்டு மற்றதற்குச் சராசரி போடுவார். அதுதான் ரேட்டு. எந்தக் கம்பெனி அவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது? யாரும் இல்லை. ஏமாந்த வயிற்றெரிச்சலில் ஒரு காய் எண்ணுகிற ஆள் தானாகக் கண்டுபிடித்தது. ஒரு குமியில் விளையாடலாம், முப்பது குமியில் விளையாடினால் முத்துப்பாண்டிக்கே கட்டுப்படி ஆகாது. ரெண்டு வருஷத்தில் எங்கள் பக்கம் முழுக்க 'பத்து மணி ரேட்டு' என்றால் ஐயாதுரை சொல்லுகிற ரேட்டு என்று ஆயிற்று. முத்துப்பாண்டியும் அதற்குத்தான் வாங்கினார், பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினார்.

முதலில் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வரும். பிறகு அவர் கைக்குச் செல்போன் வந்தது, அப்புறம் வாட்ஸப் குரூப். தினமும் பத்தரைக்கு அவர் குரல் வரும். "வணக்கம். இன்னைக்கு ரேட்டு இருபத்தி ஒண்ணு அம்பது. வாரேன்." அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. ரேட்டு சொல்லுவதற்கு ஐந்து பைசா வாங்கியதில்லை. வியாபாரம் முடித்துக் கொடுத்தால் காய்க்கு இருபது பைசா தரகு, அதுதான் அவருக்குப் பிழைப்பு.

அந்தத் தரகர் என்கிற பெயர்தான் அவருக்கு வலித்த இடம். நாங்கள் எல்லோரும் அவர் ரேட்டை வாங்கிக்கொள்வோம், பிறகு டீக்கடையில் உட்கார்ந்து, "விளைய வைக்கிறவன் ஒருத்தன், திங்கிறவன் ஒருத்தன், நடுவுல இந்தத் தரகன் எதுக்கு?" என்று பேசுவோம். அவர் காதுபடவே பேசுவோம், நானும் பேசியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டுப் போவார். பதினேழு வருஷம் அப்படிச் சிரித்த ஆளுக்கு உள்ளே என்ன இருந்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

2024 ஜனவரியில் அவர் செல்போன் டிஸ்ப்ளே உடைந்தது. மாற்றுவதற்கு ராஜபாளையத்தில் கௌதம்ராஜ் கடைக்குப் போனார். கௌதம்ராஜுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல பையன், இன்றைக்கும் அப்படித்தான் சொல்லுவேன். அவனும் பதினோரு லட்சம் தொலைத்தவன். டிஸ்ப்ளே ஒட்டுகிற அரை மணி நேரத்தில் அவன் ஒரு கிரிப்டோ நாணயத்தைப் பற்றிச் சொன்னான். அதன் பெயரை எழுதி அதற்கு விளம்பரம் தேடித் தர எனக்கு மனசில்லை. நாணயம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

விஷயம் இதுதான். எப்போதும் ஒரு டாலர் மதிப்பிலேயே நிற்கிற டாலர் காயின் என்று ஒன்று இருக்கிறது. அதை வாங்கி, 'ஸ்டேக்கிங்' என்று ஆறு மாதத்துக்குக் கட்டிவைக்க வேண்டும். மாதம் நூற்றுக்கு ரெண்டு கிடைக்கும், அதை நடத்துகிற கம்பெனிக்காரர்கள் தங்கள் சொந்த நாணயமாகத் தருவார்கள். நாணயத்தைத் திருப்பிக் கொடுத்தால் அந்த நிமிஷத்து விலைப்படி டாலர் காயின் வந்துவிடும். இதையெல்லாம் கவனிப்பது மனிதன் கிடையாது. காண்ட்ராக்ட் என்கிற ஒரு புரோகிராம் பார்த்துக்கொள்கிறது.

"வெல யாரு போடுறா?" என்று ஐயாதுரை கேட்டிருக்கிறார்.

"யாருமே போடலண்ணாச்சி. காண்ட்ராக்ட்டே மார்க்கெட்டப் பாத்து எடுத்துக்கிடும். இதுல தரகரே கெடையாது."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் மனிதர் விழுந்தார். பின்னால் என்னிடம் அவரே சொன்னார். "தரகரே இல்லாத ஒரு யாவாரம்னு சொன்னதும், எனக்கு என்னமோ செஞ்சிருச்சு சார். நான் இல்லாட்டா நாடு நல்லா இருக்கும்னுதான இம்புட்டு நாளும் எல்லாரும் சொன்னீக. சரி, அதையும் பாத்துருவோம்னு இருந்துச்சு."

ஆனாலும் அவர் கண்ணை மூடிக்கொண்டு விழவில்லை. முதலில் இருபதாயிரம் போட்டார். புது வியாபாரி ஒருவன் தோப்புக்கு வந்தால் எப்படிப் பரீட்சை பண்ணுவாரோ அப்படியே பண்ணினார். முதல் மாதம் வந்த நாணயத்தை விற்றுப் பார்த்தார், பணம் பேங்கில் ஏறியது. ரெண்டாவது மாதமும் ஏறியது. தினமும் காலை பத்து மணிக்கு, தேங்காய் ரேட்டை எழுதிய கையோடு, நாணயத்தின் விலையையும் பார்த்தார். வெளியே பெரிய சந்தைகளில் என்ன விலை, காண்ட்ராக்ட் காட்டுவது என்ன விலை என்று ரெண்டையும் ஒப்பிட்டார். தொண்ணூறு நாள் பார்த்தார். ஒருநாள்கூடக் காலணா வித்தியாசம் இல்லை.

பத்து மணிக்குத்தான் பார்த்தார், அதைக் கவனியுங்கள். எங்கள் பக்கத்தில் விலை என்பது பத்து மணிக்குப் பிறக்கும், மறுநாள் பத்து மணி வரை உயிரோடு இருக்கும். அதுவும் அவரே உண்டாக்கிய வழக்கம். ஒரு நாளைக்குள் ஆயிரம் விலை வந்து போகிற இடம் ஒன்று இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் கை பத்து மணிக்குத்தான் போனை எடுத்திருக்கும்.

அவருக்கு ஒரு தங்கை உண்டு, பாண்டீஸ்வரி. ராஜபாளையத்தில் நூல் மில்லில் இருபத்தொரு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். புருஷன் காலமாகிப் பல வருஷம் ஆகிறது, பிள்ளை கிடையாது. மில்லை மூடியபோது பி.எஃப்., செட்டில்மெண்ட் எல்லாம் சேர்த்து ஆறரை லட்சம் கைக்கு வந்தது. அவர் குடியிருந்த வாடகை வீட்டையே விற்கப் போவதாக வீட்டுக்காரர் சொல்லி, தை மாதம் வரை தவணையும் கொடுத்திருந்தார். ரெண்டு அறை, பின்னால் ஒரு குழாய், அவ்வளவுதான் வீடு. பாண்டீஸ்வரி அந்த வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக்கூட இருபது வருஷமாக அடுத்தவரிடம் கேட்டவர். ஆறரை லட்சத்தோடு பேங்கில் லோன் போட்டால் வீடு அவருடையது. பத்திரச் செலவுக்கு மட்டும் எழுபது, எண்பதாயிரம் இடித்தது.

"ஆறு மாசந்தான தாயி. பத்திரச் செலவு வட்டியிலயே வந்துரும்" என்றார் ஐயாதுரை.

"நீ பாத்தியாண்ணே?" என்று அவர் கேட்டார்.

"தொண்ணூறு நாள் பாத்துட்டேன்."

பாண்டீஸ்வரிக்கு அதற்கு மேல் கேள்வி கிடையாது. பதினேழு வருஷம் நாலு ஊருக்கு ரேட்டு சொல்லுகிற அண்ணன் பார்த்துவிட்டான் என்றால் பார்த்துவிட்டான்தான். ஜூன் மாதம் ஆறரை லட்சமும் உள்ளே போயிற்று. ஐயாதுரை தன் பங்குக்கு நாலு லட்சம் போட்டார்.

மற்றவர்களை அவர் கூப்பிடவில்லை. இதை நான் சத்தியமாகச் சொல்லுவேன். ஆனால் கேட்டவர்களிடம் மறைக்கவும் இல்லை. நான் கேட்டேன், "சரியாத்தான் இருக்கு சார்" என்றார், போட்டேன். ஒருநாள் குரூப்பில் யாரோ அந்த நாணயத்தின் விலை என்னவென்று கேட்டார்கள். மறுநாள் காலையில் வழக்கமான குரல் வந்தது. "வணக்கம். இன்னைக்கு காய் இருபத்தி மூணு. காயின் முப்பத்தி ஒம்பது. வாரேன்." அன்றைக்கு அவர் வாயை யாராவது பொத்தியிருக்க வேண்டும். தேங்காய்க்குச் சொன்ன அதே குரலில் அதையும் சொன்னார். அந்தக் குரலை நம்பித்தான் நாற்பது குடும்பம் பணம் போட்டது, நாணயம் இன்னதென்று தெரிந்து யாரும் போடவில்லை. பூ கட்டுகிறவர், வேன் ஓட்டுகிறவர், மகளுக்கு நகை எடுக்க வைத்திருந்தவர், எல்லோரும் போட்டார்கள்.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை மத்தியானம் ரெண்டு மணி பதினேழு நிமிஷத்துக்கு எல்லாம் முடிந்தது. பன்னிரண்டு செகண்ட் ஆயிற்றாம். நான் அப்போது சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்திருப்பேன். மூன்று மணிக்குக் கௌதம்ராஜ் அழுதுகொண்டே போன் பண்ணினான். காண்ட்ராக்டில் இருந்த டாலர் காயின் அத்தனையும் துடைத்து எடுக்கப்பட்டிருந்தது. நாற்பது ரூபாயில் இருந்த நாணயம் சாயங்காலம் ரெண்டு பைசா ஆயிற்று.

ஐயாதுரை அடுத்த பஸ்ஸில் ராஜபாளையம் போனார். நானும் கூடப் போனேன். கடையில் கௌதம்ராஜ் கம்ப்யூட்டரில் எதையெதையோ காட்டினான். ஐயாதுரை எதையும் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, அந்தக் காண்ட்ராக்ட் எத்தன மண்டியப் பாத்து வெல எடுத்துச்சு?"

கௌதம்ராஜ் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "ஒண்ணுதான் அண்ணாச்சி. ஒரே ஒரு எக்ஸ்சேஞ்சு. அதுவும் சின்னது."

"செத்த நேரம் முன்னாடி உள்ள வெலயா, அந்த நொடி வெலயா?"

"அந்த நொடி வெல."

ஐயாதுரை ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜனவரியில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. தேங்காயில் பதினேழு வருஷமாக எல்லோரையும் பார்த்துக் கேட்ட கேள்வி. அந்த ஒரு இடத்தில் மட்டும் கேட்காமல் விட்டார். மனிதனே இல்லை என்று சொன்னதால், களவாட ஆள் இல்லை என்று நினைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என் தோப்பில் நாற்பது குடும்பமும் கூடியது. ஐயாதுரையை உரித்துவிடுகிற ஆத்திரத்தில்தான் வந்தார்கள். அவர் நேரே வந்து நடுவில் நின்றார். பக்கத்தில் முந்தின நாள் வெட்டிப் போட்ட காய் கிடந்தது. அதிலிருந்து இருபது காயை எடுத்துச் சின்னக் குமியாகப் போட்டார்.

"இதுதான் அந்த எக்ஸ்சேஞ்சு. இந்தக் குமி என்ன வெலைக்குப் போகுதோ அதுதான் காண்ட்ராக்ட்டுக்கு வெல. களவாணி என்ன செஞ்சான், உலகத்துல உள்ள பணத்தையெல்லாம் ஒரு எடத்துல கடனா வாங்கினான். வாங்கி, இந்தக் குமில பத்தொம்பது காய வாங்கிட்டான். மிச்சம் ஒண்ணே ஒண்ணு. இப்ப அந்த ஒரு காய்க்கு என்ன வெல? அஞ்சாயிரம்னாலும் அஞ்சாயிரந்தான். காண்ட்ராக்ட் எட்டிப் பாத்துச்சு, ஓகோ, காய் அஞ்சாயிரம்னு நம்பிருச்சு. இவன் ஏற்கெனவே சேத்து வச்சிருந்த நூறு காய நீட்டி, அந்த வெலைக்கு டாலரக் குடுன்னான். நம்ம போட்டது அம்புட்டையும் எடுத்துக் குடுத்திருச்சு. பொறவு பத்தொம்பது காயையும் வித்தான், கடனத் திருப்பிக் குடுத்தான், போயிட்டான். பன்னெண்டு செகண்டு."

"ஈடு இல்லாம அம்புட்டுப் பணம் யாருய்யா கடன் குடுத்தா?" என்று பின்னாலிருந்து ஒருத்தர் கத்தினார்.

"அதுக்குன்னே எடம் இருக்காம். அந்த நொடிக்குள்ள திருப்பிக் குடுத்துரணும். குடுக்கலன்னா கடன் குடுத்ததே செல்லாமப் போயிருமாம்."

எங்கள் ஆட்கள் ஐம்பதாயிரம் பயிர்க்கடன் வாங்கப் போனால் பட்டா, சிட்டா, அடங்கல், ஜாமீன் என்று ஆறு தடவை நடக்க விடுகிறார்கள். பெயரும் முகமும் இல்லாத ஒருவனுக்கு ஈடே இல்லாமல் கோடிக்கணக்கில் கொடுத்திருக்கிறார்கள். திருட்டுக்குக் கிடைக்கிற கடன் விவசாயத்துக்குக் கிடைக்காது.

ஐயாதுரை நன்றாகவே விளக்கிவிட்டார். இன்னும் கொஞ்சம் மோசமாக விளக்கியிருந்தால் தப்பித்திருப்பார். கம்ப்யூட்டர் சமாச்சாரம், பாவம் இவருக்கு என்ன தெரியும் என்று ஜனங்கள் விட்டிருப்பார்கள். அவரோ ஒன்று விடாமல் புரியவைத்தார். அப்போது பாண்டீஸ்வரி எழுந்தார். அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்தவர்.

"அண்ணே, முத்துப்பாண்டி வெலய எறக்குனாரு. இவன் ஏத்துனான். மத்தபடி அதே களவுதான?"

"ஆமா தாயி."

"உனக்கு முன்னாடியே தெரிஞ்ச களவுதான?"

ஐயாதுரை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "ஆமா."

பாண்டீஸ்வரி தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் கத்தியிருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. கூட்டமும் அடிக்காமல் கலைந்தது. ஆனால் எல்லோர் மனதிலும் அந்த 'ஆமா' தங்கிவிட்டது.

மனுவை நான்தான் எழுதினேன். சைபர் கிரைம் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். எதிரியின் பெயர், ஊர், போன் நம்பர் என்று மூன்று கட்டம் இருந்தது, மூன்றையும் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டோம். கம்பெனிக்காரர்கள் ஒரு அறிக்கை விட்டார்கள். வருந்துகிறார்களாம். இனிமேல் பல சந்தைகளைப் பார்த்து, அரை மணி நேரச் சராசரி எடுத்துத்தான் விலை போடுவார்களாம். கௌதம்ராஜ் அதைத் தமிழில் வாசித்துச் சொன்னபோது ஐயாதுரை, "நல்லது" என்று மட்டும் சொன்னார். எனக்குச் செருப்பைக் கழற்றி அடிக்கத் தோன்றியது, யாரை அடிப்பது என்றுதான் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து குரூப்பில் ஆட்கள் கழன்றார்கள். ஒரு நாளில் முப்பது பேர், அடுத்த நாளில் ஐம்பது. திட்டி எழுதியவர் யாரும் இல்லை. சத்தமில்லாமல் வெளியே போனார்கள். பத்தரைக்குக் குரல் வந்துகொண்டுதான் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. நானும் ஒரு வெள்ளிக்கிழமை வெளியேறினேன். ஏன் என்று என்னைக் கேட்டால், பத்தரைக்கு அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் என் ரெண்டு லட்சம் ஞாபகத்துக்கு வந்தது. தேங்காய் ரேட்டில் அவர் ஒரு பைசா தப்பியதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வெளியேறினேன்.

முத்துப்பாண்டிக்கு இதைவிட நல்ல காலம் வருமா? பொங்கலுக்கு முன்னாலேயே அவர் தன் ரேட்டைத் தனியாகச் சொல்ல ஆரம்பித்தார். மூன்று மண்டி, முப்பது குமி எல்லாம் போயிற்று. லாரி தோப்புக்கு வரும், லாரியோடு விலையும் வரும். காய்க்கு மூன்று ரூபாய், நாலு ரூபாய் குறைவு. நானும் அதற்குத்தான் கொடுத்தேன். களவு போன ரெண்டு லட்சத்துக்காக ஊரெல்லாம் கத்திய நான், வெட்டுக்கு வெட்டு முத்துப்பாண்டி எடுத்துக்கொண்டதற்கு வாயைத் திறக்கவில்லை.

தை பிறந்தது. பாண்டீஸ்வரியின் வீட்டை வேறு ஒருவர் வாங்கினார். வாங்கியவர் குடிவர வேண்டும் என்றதால் பாண்டீஸ்வரி காலி செய்துவிட்டு, ஊருக்கு வெளியே ஓர் ஒற்றை அறைக்குப் போனார். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் வேலை கிடைத்தது. காலை ஏழு மணிக்கு வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். நாற்பத்தொன்பது வயதில் மறுபடியும் நின்றுகொண்டே வேலை.

கூமாப்பட்டியில் அப்பா விட்டுப்போன தோப்பில் அவர் பங்குக்குப் பன்னிரண்டு மரம் உண்டு. வெட்டு விழுகிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் ஏறி வருவார். போன மாதம் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கூமாப்பட்டி டீக்கடையில் ஐயாதுரையோடு உட்கார்ந்திருந்தேன். குரூப்பை விட்டு வெளியேறிய வெட்கம் தாங்காமல் நானாகத்தான் தேடிப் போய்ப் பேச ஆரம்பித்திருந்தேன். முத்துப்பாண்டியின் லாரி தோப்புப் பக்கமிருந்து வந்து எங்களைத் தாண்டிப் போயிற்று. ஐயாதுரை டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

தோப்பில் பாண்டீஸ்வரி கீழே கிடந்த ஓலையை இழுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தார். காய் எல்லாம் போயிருந்தது.

"எம்புட்டுக் காய் தாயி?" என்றார் ஐயாதுரை.

"எரநூத்தி அறுபது."

"என்ன வெலைக்குக் குடுத்த?"

"பத்தொம்பது."

ஐயாதுரைக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "ஏட்டி, இன்னைக்கு இருபத்தி நாலு போகுதுட்டி! மூணு மண்டியிலயும் கேட்டு வச்சிருக்கேன். உன்னய ஏமாத்திட்டுப் போறான்."

"தெரியும்ணே. பஸ்ல ரெண்டு பேரு பேசிக்கிட்டு வந்தாவ. இருபத்தி நாலுன்னு தெரியும்."

"தெரிஞ்சா குடுத்த? எனக்கு ஒரு போன் போட்டிருந்தா வேற ஆளக் கூட்டியாந்திருப்பேன்ல."

பாண்டீஸ்வரி கையிலிருந்த ஓலையைக் கீழே போட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை, சத்தியமாக இல்லை. இருந்திருந்தால் ஐயாதுரை பிழைத்துப் போயிருப்பார்.

"போன் போட்டா நீ ரேட்டு சொல்லுவ. அது சரியாத்தான் இருக்கும். ஆனா உன் வாயால ஒரு ரேட்டக் கேக்குறதுக்கு எனக்கு இனிமே தெம்பில்லண்ணே. காய்க்கு அஞ்சு ரூவா போனாப் போகுதுன்னு குடுத்துட்டேன்."

பாண்டீஸ்வரி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டியாண்ணே?" என்று கேட்டார். கீழே போட்ட ஓலையையும் இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.